கைபேசி திணறினால் கூலி ஏன் குறைய வேண்டும்?

2021 ஆகஸ்டு மாதத்தில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் புதுமையானதொரு போராட்டத்தில் இறங்கினர். அரசு வழங்கிய கைபேசிகளை ஆயிரக்கணக்கில் திரட்டிச் சென்று அதிகாரிகளிடமே திருப்பி ஒப்படைத்தனர். அவை முந்தைய மென்பொருளின் காலத்தில் தரப்பட்டவை. 2 ஜிபி ரேம் மட்டுமே கொண்டவை. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று ஒன்றிய அரசு அறிமுகப்படுத்திய ‘போஷன் டிராக்கர்’ செயலியைத் திறந்தால் கைபேசி சூடேறுகிறது, உறைந்து நிற்கிறது, பழுது பார்க்கும் செலவு ஊழியர் தலையில் விழுகிறது, செயலியோ ஆங்கிலத்தில் இருக்கிறது என்பன அவர்களது முறையீடுகள்.

தொழில்நுட்பத்தைக் கற்க விரும்பாதவர்கள் சொல்லும் சாக்கு என்று இவற்றை ஒதுக்கிவிடுவது ஆள்வோருக்கு எளிது. ஆனால் கைபேசி ஏன் திணறுகிறது என்ற எளிய கேள்விக்கு விடை தேடுபவர், பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கும் விடை காண்பார். ஆகவே முதலில் கருவியைப் பார்ப்போம்.

கைபேசியில் இருவகை இடங்கள் உண்டு. படங்களும் காணொளிகளும் செயலிகளும் தங்கியிருக்கும் சேமிப்பகம் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் செயலி தன் வேலைக்காக அவ்வப்போது பயன்படுத்தும் நினைவகம், அதாவது ரேம், மற்றொன்று. முன்னது கிடங்கு, பின்னது வேலை செய்யும் மேசை. கிடங்கைக் காலி செய்வதால் மேசை அகலமாகிவிடாது. ‘வாட்ஸ்அப் படங்களையெல்லாம் அழியுங்கள், போன் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை பல நேரங்களில் பயன் தராமற்போவதற்குக் காரணம் இதுவே.

நினைவகக் கசிவு என்பது மேசை சார்ந்த நோய். செயலி தன் வேலைக்கு நினைவகத்தில் இடம் கேட்கிறது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தரவேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு. எந்தத் தரவை இனி எவரும் சுட்டவில்லையோ அதனை அமைப்பே கண்டறிந்து அகற்றிவிடும். ஆனால் நிரலை எழுதியவர் கவனக்குறைவால் ஒரு சுட்டியை விட்டுவைத்திருந்தால், மூடப்பட்ட திரையும் பயன்பாட்டில் இருப்பதாகவே அமைப்பு எண்ணிக்கொள்கிறது. ஒரு குழந்தையின் படத்தை எடுக்கும் திரை மூடப்படுகிறது. அதன் இடம் விடுவிக்கப்படவில்லை. அடுத்த குழந்தைக்கு அதே திரை மீண்டும் திறக்கிறது. இன்னோர் இடம் பறிபோகிறது. சமையற்கூடத்தில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு பாத்திரத்தை எடுத்துத் துலக்காமலே அடுக்கிக்கொண்டு போவதைப் போன்றது இது. பாத்திரங்கள் எங்கும் தொலைந்துவிடவில்லை. ஆனால் அடுத்த உலைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இடம் குறையக் குறைய, அமைப்பு முதலில் பின்னணியில் உள்ள மற்றச் செயலிகளை மூடுகிறது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு; அதைத் தொட்டதும் கசியும் செயலியே சட்டென்று நின்றுவிடுகிறது. பாதி நிரப்பிய படிவமும் அதனோடு போய்விடக்கூடும்.

எல்லா மந்தமும் கசிவன்று. திறந்த நொடியிலிருந்தே ஒரு செயலி ஊர்ந்தால், அது அந்தக் கைபேசிக்குப் பெருஞ்சுமை என்று பொருள். காலையில் கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கியதும் நன்றாக ஓடி, நண்பகலில் தள்ளாடி, மறுபடி இயக்கினால் மீண்டும் தேறினால், அங்கே கசிவை ஐயுற வேண்டும். காலம் செல்லச் செல்ல வளர்வதே கசிவின் அடையாளம்.

எந்தச் செயலி குற்றவாளி என்று கண்டறியவும் வழிகள் உண்டு. முதலாவது, பாதுகாப்பு முறை எனப்படும் ‘சேஃப் மோட்’. பல கைபேசிகளில், அணைக்கும் பொத்தானை அழுத்தி, திரையில் தோன்றும் ‘பவர் ஆஃப்’ என்பதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இது வரும். இம்முறையில் கைபேசியோடு வந்த செயலிகள் மட்டுமே இயங்கும். பின்னர் நிறுவியவை உறங்கும். அப்போது கைபேசி சீராக இயங்கினால், பழுது வெளியிலிருந்து வந்த செயலி ஒன்றில் இருக்கிறது என்று ஏறத்தாழத் துணியலாம்.

இரண்டாவது, அளவிட்டுப் பார்ப்பது. அமைப்புகளில் ‘அபௌட் போன்’ பகுதியில் உள்ள ‘பில்டு நம்பர்’ என்பதை 7 முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அங்குள்ள ‘மெமரி’ அல்லது ‘ரன்னிங் சர்வீசஸ்’ பகுதியில் ஒவ்வொரு செயலியும் கொண்டுள்ள ரேம் அளவைக் காணலாம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் திரைப்பதிவு எடுத்து வைத்தால், எது ஏறிக்கொண்டே போகிறது என்பது தெரிந்துவிடும். அப்பகுதியில் வேறெதையும் மாற்றாமலிருப்பது நல்லது.

மூன்றாவது, நிவாரணம். ஐயத்துக்குரிய செயலியைப் புதுப்பிக்கலாம். ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ கொடுத்து நிறுத்தலாம். ‘கிளியர் கேச்’ கொடுக்கலாம். அதன் அருகிலேயே இருக்கும் ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்பதை மட்டும் அவசரப்பட்டுத் தொடலாகாது. வலை கிடைக்காததால் இன்னும் மேலேறாத பதிவுகள் இருந்தால் அவையனைத்தும் அழிந்துபோகும். ‘ரேமைச் சுத்தம் செய்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நாடுவதும் வீண். அவை மூடுகின்றவற்றை ஆண்ட்ராய்டு மீண்டும் திறக்கும். அவையும் நினைவகத்தை உண்ணும். விளம்பரத்தை வேறு திணிக்கும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் கைபேசி வல்லுநர் எவரும் சொல்லும் இறுதி மருந்து ஒன்றுண்டு: அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். விளையாட்டுச் செயலியென்றால் கதை அங்கே முடிந்துவிடும். ஆனால் பணிக்காக நிறுவப்பட்ட செயலியை அங்கன்வாடி ஊழியர் எப்படி நீக்குவார்? நோயின் பெயர் தெரிந்தும் மருந்தைத் தொட உரிமை இல்லை. அவரால் செய்ய முடிந்ததெல்லாம், தம் சொந்தப் படங்களையும் மகளின் பாடக் காணொளிகளையும் வங்கிச் செயலியையும் நீக்கிவிட்டு, அரசின் செயலிக்கு வழிவிடுவதே.

கசிவை அடைக்கவல்லவர் நிரலை எழுதியவர் மட்டுமே. 2 ஜிபி ரேம் கொண்ட கைபேசியில் நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்திருந்தால் பழுது அவர் கண்ணிலேயே பட்டிருக்கும். அதைச் செய்ய நேரமும் பணமும் வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தினால் அது மறைந்துவிடுவதில்லை; நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களின் ஊழியர்கள் மீது சில்லறை சில்லறையாகப் பிரித்து விதிக்கப்படுகிறது. ஆலையில் கடைசல் இயந்திரம் பழுதானால் அதைச் சீர்செய்வது முதலாளியின் பொறுப்பு என்பதைத் தொழிலாளி வர்க்கம் நீண்ட போராட்டங்களில் நிலைநாட்டியது. உழைப்புக் கருவி கைபேசியாக மாறியதும் அந்தப் பொறுப்பு ஓசையின்றிக் கைமாறிவிட்டது. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு அங்கன்வாடி ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாயும் உதவியாளருக்கு 2,250 ரூபாயும் மதிப்பூதியமாக நிர்ணயித்தது. மாநில அரசு தரும் தொகையைச் சேர்த்தாலும், புதிய கைபேசி வாங்குவது இவர்களுக்கு எளிதான செலவன்று.

ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் இதே கதைதான். தேசிய கைபேசிக் கண்காணிப்புச் செயலி 2023 ஜனவரி 1 முதல் பணித்தலங்களில் கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை, இடக்குறிப்போடு தொழிலாளர்களின் படம் ஏற்றப்பட வேண்டும். இரண்டாவது படத்தை எடுக்கும் வேளையில் செயலி நின்றுவிட்டால், வெயிலில் மண் சுமந்தவரின் அன்றைய கூலி ஐயத்துக்குள்ளாகிறது. 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தொடங்கிய தர்ணாவின் கோரிக்கைகளில் இந்தச் செயலியைத் திரும்பப் பெறுவதும் ஒன்றாக இருந்தது. இப்போது சுமை மேலும் கூடியுள்ளது. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவுப்பொருளை வழங்க, 2025 ஜூலை முதல் போஷன் டிராக்கரில் முக அடையாளப் பதிவு கட்டாயமாயிற்று. கேமராவைத் திறந்து முகத்தை ஒப்பிடும் வேலைக்கு நினைவகம் மிகுதியாக வேண்டும். பழைய கைபேசி அதைத் தாங்காவிட்டால், கர்ப்பிணிப் பெண் வெறும் பையோடு வீடு திரும்ப நேரிடும். பசிக்கும் உணவுக்கும் நடுவே ஒரு நிரற்பிழை நிற்பதை எந்த நல்லரசும் ஏற்க இயலாது.

பதிவுகள் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. எடை குறைந்த குழந்தை யார் என்பது உடனுக்குடன் தெரிவது நல்லதே. ஆனால் கருவியைக் கட்டாயமாக்குபவர் கருவிக்கான பொறுப்பையும் ஏற்கவேண்டும். தகுதியான கைபேசியையும் இணையக் கட்டணத்தையும் பழுதுபார்க்கும் செலவையும் அரசே தரவேண்டும். களத்தில் உண்மையில் உள்ள மலிவான கைபேசிகளில் சோதித்து, முடிவை வெளியிட்ட பின்னரே எந்தப் புதிய பதிப்பும் வரவேண்டும். நிரலைத் தற்சார்புள்ள வல்லுநர்கள் ஆராய வழி வேண்டும். செயலி நின்றுபோன நாளில் தாள் பதிவேடே செல்லுபடியாக வேண்டும். அதன் பேரில் கூலியோ உணவோ மறுக்கப்படலாகாது.

இக்கோரிக்கைகளுக்கு வலுச் சேர்க்கச் சங்கங்கள் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. மேலே சொன்ன மூன்றுவேளைத் திரைப்பதிவை ஓர் ஊழியர் எடுத்தால் அது அவருடைய முறையீடு. ஒரு மாவட்டமே எடுத்தால் அது சான்று. கைபேசியின் மாதிரி, செயலியின் பதிப்பு எண், நின்றுபோன தேதி, நேரம் ஆகியவற்றோடு அவற்றைத் தொகுத்து அதிகாரிகளின் மேசையில் வைத்தால், கற்க விரும்பாதவர்களின் சாக்கு என்ற பேச்சுக்கு இடமிராது. மகாராஷ்டிரத்துப் பெண்கள் கைபேசிகளைத் திருப்பித் தந்தது கற்க மறுத்ததால் அன்று. அந்தக் கருவியை அலுவலகங்களில் இருப்பவர்களைவிட அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். நாள்தோறும் அதனோடு போராடியவர்கள் அவர்களே.