படிப்பதற்கும் பயிற்சி வேண்டுமா?

அல்சூரில் எங்கள் கிளைக்கு ஆண்டுதோறும், கல்விக் கடனின் இரண்டாம் ஆண்டுத் தொகை கேட்டு மாணவர்கள் வருகின்றனர். முதலாண்டு மதிப்பெண் பட்டியலைப் பார்த்த பிறகே அடுத்த தொகையை விடுவிப்பது வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் சிலர் கல்லூரியில் மூன்று, நான்கு தாள்களில் தவறியிருப்பார்கள். "ராத்திரி முழுக்கப் படிக்கிறாள் சார், எங்கே குறை என்றுதான் தெரியவில்லை" என்று தந்தையர் சொல்வதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

குறை உழைப்பில் இல்லை. படிக்கும் முறையில் இருக்கிறது. பள்ளியில் பாடநூல் ஒன்று, வினாக்களும் அதன் பின்பக்கத்திலேயே. கல்லூரியிலோ விரிவுரையைக் கேட்டுத் தாமே குறிப்பெடுக்க வேண்டும். பல நூல்களை ஒப்பிட வேண்டும். தமிழிலோ கன்னடத்திலோ படித்து வந்தவர்களுக்கு இவையனைத்தும் ஆங்கிலத்தில் வேறு.

இதை உணர்ந்தே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019இல் பிற கல்லூரிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நேரத் திட்டம், குறிப்பெடுத்தல், தேர்வுத் தயாரிப்பு ஆகியவை குறித்த பயிலரங்குகளும் பல கல்லூரிகளில் நடக்கின்றன. இவை வீண் என்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஆனால் பெரிய அரங்கில் ஒரு நாள் உரையோடு முடிந்துவிடும் பயிலரங்கால் பயன் குறைவு என்பதே நம் கருத்து.

ஆய்வுகளும் இதையே சுட்டுகின்றன. ஜான் ஹாட்டி முதலியோர் 1996இல் 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாடத்தோடு இணைத்துத் தரும் பயிற்சியே சிறந்தது எனக் கண்டனர். 2013இல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டனர். அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனே தரும். தம்மைத் தாமே சோதித்துக்கொள்வதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மிகுந்த பயன் தரும் என்றனர். இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைகளில் பலர் செய்வது முதல் வகை.

வணிகவியல் பயின்ற நமக்கு இது புதிதன்று. கணக்குப் பதிவுகளை வாசித்து மட்டும் எவரும் கணக்கியல் கற்றதில்லை. ஐந்தொகையின் இருபுறமும் பொருந்தாதபோது பிழையைத் தேடித் தேடியே கற்றோம். எனவே கணக்கியல் ஆசிரியரே தம் பாடம் ஒன்றை எடுத்து, குறிப்பெடுக்கும் முறையைக் காட்டி, புத்தகத்தை மூடச் செய்து எழுத வைக்கட்டும்; ஒரு வாரம் கழித்து அதையே மீண்டும் கேட்கட்டும். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்னும் ஆசிரியர்களின் குறை நியாயமானதே. ஆயினும் பருவத்துக்கு நான்கு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், பின்னர் அரியர் தாள்களுக்குச் செலவாகும் காலம் மிஞ்சும்.

பணமும் மிஞ்சும். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். பட்டம் தள்ளிப்போனால் வேலையும் தள்ளிப்போகும், வட்டி காத்திருப்பதில்லை.

ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியபோது, வகுப்பறைக்குள் நுழைவதே பெரும் தடையாக இருந்தது. அவர் பெயர் தாங்கிய கல்லூரி இன்றும் அல்சூரில் இயங்குகிறது. இன்று கடன் பெற்றேனும் நம் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். முதலாண்டைத் தாண்டுவதே பலருக்குத் தடை.

ஆகவே, சேர்க்கையின்போது வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கும் பெற்றோர், "படிக்கும் முறையை யார், எந்தப் பாடத்தில், எத்தனை முறை கற்றுத்தருவார்கள்?" என்றும் கேட்க வேண்டுகிறோம். மாணவர்களோ கல்லூரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று படித்த பாடத்தை, புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கட்டும். எழுத முடியாத இடமே நாளை படிக்க வேண்டிய இடம்.