பிழைக்கத் தெரிந்தவள்

பௌத்தக் கதைகள் சூழ்ச்சியைப் போற்றுவன என்று கூறுவோர் உளர். இதயத்தை மரத்திலே விட்டுவந்ததாகச் சொல்லிக் குரங்கு முதலையை ஏமாற்றியது. மீன்களை வஞ்சித்துத் தின்ற கொக்கின் கழுத்தை நண்டு துணித்தது. ஆகவே, 'எத்தனுக்கு எத்தனாக இரு' என்பதே சாதகக் கதைகளின் அறம் என்பது அன்னார் துணிபு. பெங்களூரில் வாழும் நம் இல்லங்களிலும் பிள்ளைகளுக்குக் கதையை இவ்வாறே சொல்லி முடிக்கின்றோம். இது பெரும்பிழை.

நண்டின் கதையை நோக்குக. அதில் போதிசத்துவர் நண்டும் அல்லர், கொக்கும் அல்லர். அனைத்தையும் கண்டு நின்ற மரத்தேவதையே அவர். வஞ்சகன் வஞ்சத்தால் நிலைபெறான் என்பதே அத்தேவதை உரைக்கும் நீதி. வென்றவனைப் பாராட்டுவதன்று, வஞ்சத்தின் முடிவைக் காட்டுவதே கதையின் நோக்கம்.

இதற்கு நம் தமிழிலேயே தலைசிறந்த சான்று உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியை நாதகுத்தனார் இயற்றினார். நூல் மறைந்தது, சில பாடல்களே எஞ்சின. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் உரையே கதையை நமக்குக் காத்தளித்தது.

கொலைக்களத்திற்குச் சென்ற கள்வன் காளனை மீட்டு மணந்தாள் வணிகன் மகள் பத்திரை. ஊடலில் ஒருநாள் 'நீ கள்வன் அன்றோ' என்றாள். சினந்த அவன், அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். 'இறக்குமுன் தங்களை வலம்வந்து வணங்குவேன்' என்று வேண்டி, அவன் பின்புறம் சென்றதும் தள்ளிவிட்டாள்.

நம்மவர் பலர் கதையை இங்கேயே நிறுத்திக் கைதட்டுவர். கதையோ நிற்கவில்லை. பாலி உரைகளின்படி, மலைத்தேவதை அவளது மதியைப் புகழ்ந்தது. எனினும் அவள் வீடு திரும்பத் துணியவில்லை. துறவு பூண்டாள், வாதத்திறம் பயின்றாள், ஊர்தோறும் நாவற்கிளை நட்டு அறைகூவினாள். எவரும் எதிர்நிற்கவில்லை. இறுதியில் சாரிபுத்தர், 'ஒன்று என்பது யாது?' என வினவினார். அவளால் விடை கூற இயலவில்லை. அந்தத் தோல்வியே அவளைப் புத்தர் திருவடியில் சேர்த்தது.

'உயிர் காக்கச் செய்தாலும் வஞ்சம் வஞ்சமே அன்றோ?' என்பாரும் உளர். உண்மை, கதை அதனை மறைக்கவில்லை. உயிரைக் காத்த மதி வேறு, உயிரை உய்விக்கும் ஞானம் வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது. முன்னதை இகழவுமில்லை, அதனையே முடிவாகக் கொள்ளவுமில்லை.

'பிழைத்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு: உயிர் தப்புதல் ஒன்று, தவறு செய்தல் மற்றொன்று. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தோர் நாம். 'பிழைக்கத் தெரிந்தவன்' என்று ஒருவனை நாம் புகழும்போது, அருகிலிருக்கும் பிள்ளை எப்பொருளைக் கொள்ளும்? பிறரை வீழ்த்துவதே அறிவு என்று அது கொள்ளுமாயின், குற்றம் பழங்கதையினுடையதன்று. பாதியிலே நிறுத்திச் சொன்ன நம்முடையது.

குண்டலகேசியை ஐந்தனுள் ஒன்றெனப் பெயரளவில் மனப்பாடம் செய்வித்தது போதும். இனியேனும் கதையை முழுமையாகச் சொல்வோம். அவள் மலையுச்சியில் வென்றதை மட்டுமன்றி, ஒரு வினாவின்முன் தோற்று உயர்ந்ததையும் நம் மக்கள் அறியட்டும்.