இன்னுமா 1024?

அரசு இணையதளங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 பிப்ரவரியில் ஒரு கையேட்டை வெளியிட்டது. எந்த நிறம், எந்த எழுத்துரு என்றெல்லாம் அதில் விதி இருக்கிறது. நல்லது. ஆனால், பல துறைகளின் தளங்களில் பக்கத்தின் அடிவரை இறங்கிப் போனால் வேறொரு விதி இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது: ‘1024 × 768 திரை அளவில் சிறப்பாகக் காணலாம்.’ நிறத்துக்குக் கையேடு போட்ட நாட்டில் இந்த ஒற்றை வரியை அழிக்க ஆளில்லை. இணையச் செயலி ஒன்றை வடிவமைக்கும்போது எந்தத் திரை அளவைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நம் அலுவலகங்கள் எழுதிவைத்த பதில் அது. பதில் பழையது என்பதைவிட, கேள்வியே தப்பு என்பதுதான் பெரிய சங்கடம்.

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்ற திரைத் தரத்தோடு 640 × 480 பரவியது. பிறகு 800 × 600, அதன்பின் 1024 × 768. ஒவ்வொரு முறையும் ‘பெரும்பாலானோரிடம் இதுதான் இருக்கிறது’ என்று ஒரு மானிட்டரை மனதில் நிறுத்தி அதற்கு அளவெடுத்துத் தைத்தார்கள். 1024இல் ஓரத்து ஸ்க்ரோல் பட்டைக்கு இடம் விட்டாலும் 960 தாராளமாக நிற்கும். 12ஆலும் 16ஆலும் மீதியின்றி வகுபடும். 2008 வாக்கில் அந்த 960 ஏறக்குறைய ஒரு மதமாகவே ஆகியிருந்தது. இதற்கிடையே 2007இல் வந்த ஐபோனின் திரை அகலம் வெறும் 320 பிக்சல். பழைய தளங்களைக் காட்டுவதற்காக அது தனக்கு 980 பிக்சல் அகலம் இருப்பதாகப் பாவித்துப் பக்கத்தை விரித்து, பிறகு சுருக்கிக் காட்டியது. திரைக்குத் தக்கபடி பக்கமே வளைந்துகொடுக்க வேண்டும் என்று வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்கட் 2010 மே மாதம் எழுதி, அதற்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயரும் வைத்தார். வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அந்த அடிக்குறிப்பை எழுத்துக்கு எழுத்து நம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1024 × 768 என்றால் மொத்தம் 7,86,432 பிக்சல். இன்று சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 1080 × 2400 கைபேசித் திரையில் 25,92,000. மூன்று மடங்குக்கும் மேல்! அகலத்திலும் 1080 என்பது 1024ஐத் தாண்டிவிட்டது. ஆக, அரசு கேட்ட தகுதி கைபேசிக்குக் கூடுதலாகவே இருக்கிறது; பக்கத்தைத்தான் வாசிக்க முடிவதில்லை. காரணம், பிக்சல்களை மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொள்ளும் அந்தக் கைபேசியின் பிரவுசர், தன் அகலம் 360 என்றுதான் பக்கத்திடம் சொல்லும். 980க்கு விரித்த பக்கம் 360க்குள் ஒடுங்கும்போது, 16 பிக்சல் உயரத்தில் போட்ட எழுத்து 6க்கும் கீழே போய்விடுகிறது. அந்த அளவில் தமிழெழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. புள்ளியிடாமல் எழுதிய ஓலைச்சுவடிக் காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று சொல்லலாம்.

அப்படிச் சொல்வது ஓலைக்குச் செய்யும் அநியாயம். ஓலையின் நீளத்தைப் பனைமரம் தீர்மானித்தது, எழுதியவர் அல்ல. பனையோலை குட்டையாக இருக்கும். தாளிப்பனை ஓலை நீண்டும் அகன்றும் இருக்கும். ஏடு எழுதியவர் ஓலை முடியும் இடம்வரை எழுதினார். சொல் பாதியில் உடைந்தாலும் கவலைப்படாமல் அடுத்த வரிக்குப் போனார். வெண்பாவானாலும் விருத்தமானாலும் அடி பிரிக்காமல் உரைநடைபோல ஓடியது. அடி எங்கே முடிகிறது என்பதைச் சீரும் தளையும் எதுகையும் காட்டிக்கொடுத்தன. அதாவது, பாட்டின் கட்டுமானம் பாட்டுக்குள் இருந்தது, ஓலையின் அகலத்தில் இல்லை. எழுதிய எழுத்து ஓலையில் நகராதே என்று யாராவது மடக்கலாம். நகராது, ஆனால் அந்த ஏட்டைப் பெயர்த்து இன்னொரு ஓலையில் எழுதியபோது பழைய வரி அகலத்தைக் காப்பாற்ற யாரும் மெனக்கெடவில்லை. ‘இந்நூலை இத்தனை விரற்கடை ஓலையில் சிறப்பாகப் படிக்கலாம்’ என்று எந்த ஏடும் தன் தலையில் எழுதிக்கொள்ளவில்லை. பக்க அகலம் என்ற பிடிவாதம் அச்சோடு வந்தது. அச்சுக்கோத்தவர்களுக்கு அது நியாயம், காகிதம் அவர்கள் கையில் இருந்தது. இணையத்தில் காகிதத்தை வாங்குகிறவர் வாசகர்.

மேசைக் கணினிக்கு மட்டும்தானே செய்கிறோம், அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே மானிட்டர் என்பார்கள். மானிட்டர் ஒன்றாக இருக்கலாம், திரை ஒன்றல்ல. 1366 × 768 மடிக்கணினியில் விண்டோஸின் அளவுப் பெருக்கம் 125 சதவீதத்தில் இருந்தால் பக்கத்துக்குக் கிடைப்பது 1093 × 614தான். அந்தப் பெருக்கம் இல்லாமலே, கண் மங்கிய எழுத்தர் பிரவுசரில் 200 சதவீதம் பெரிதாக்கினால், முழுத்திரை அகலமே 683. 1280 அகலத் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால் 320. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறை, பக்கவாட்டில் இழுக்காமல் வாசிக்க முடிய வேண்டிய அகலமாக 320ஐ வைத்தது இந்தக் கணக்கில்தான். 2023இல் வந்த மத்திய அரசின் இணையதள வழிகாட்டியும் அதே நெறிமுறையைப் பின்பற்றுகிறது. தலைமை 320 என்கிறது, துறை 1024 என்று அடியில் எழுதிவைத்திருக்கிறது.

இருபது பத்திகள் கொண்ட கருவூலக் கணக்கைக் கைபேசியில் எப்படிக் காட்டுவது என்பது சிலருக்குப் பிரியமான வாதம். அத்தகைய அட்டவணைகளுக்கு அந்த நெறிமுறையே விலக்கு அளித்திருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், முகவரி கேட்கும் விண்ணப்பத்துக்குக் கருவூலக் கணக்கைச் சாக்காகக் காட்டுவது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. எல்லாத் திரையிலும் சோதித்துப் பார்க்கச் செலவாகும் என்ற முனகலும் அதே ரகம். அத்தனை கருவிகளையும் வாங்கி அடுக்கத் தேவையில்லை. பிரவுசர் சன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்லக் குறுக்கிக்கொண்டே வந்தால் பக்கம் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். உடைகிற இடத்தில் தைக்க வேண்டும், அவ்வளவே. இதில் தமிழுக்குத் தனிக் கேடு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஆறெழுத்து ‘சப்மிட்’டுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. வரியின் உயரத்தையும் பிக்சலில் பூட்டினால் மேலே ஈகாரச் சுழியும் கீழே உகர வாலும் வெட்டுப்படும். எண்ணைப் பூட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவது நம் எழுத்தைத்தான்.

சட்டமும் இனி சாதுவாக இருக்காது. அணுகல் விதிமுறைகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 15ஆம் விதி, மூலச் சட்டத்துக்கே முரணானது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் சொன்னது. அப்படியானால் அந்த அடிக்குறிப்பு, உரிமை மறுப்பைத் துறையே தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். இ-சேவை மையத்தில் நிற்பது இணையம் தெரியாதவர்களின் வரிசை என்று நினைக்கிறோம். கையில் கைபேசியோடு நிற்கிறவர்களின் வரிசை அது. அவர்களை அங்கே அனுப்பியது 1024. டெண்டர் படிவத்திலிருந்து ‘திரை அளவு’ என்ற கட்டத்தையே எடுத்துவிடலாம். 320இல் பக்கவாட்டில் இழுக்காமல் நிரப்ப முடியாத விண்ணப்பத்தைச் செய்து கொடுத்த ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைத் தரக் கூடாது. அதற்குக் கையெழுத்திட்ட அதிகாரி தன் கைபேசியிலேயே அதை நிரப்பிக் காட்டும்வரை.