அன்ரியின்ர நேரத்துக்கு என்ன விலை?

“வீட்டிலதானே செய்யிறீங்கள், பிறகேன் இவ்வளவு விலை?”

யாழ்ப்பாணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பிக்கடை ஒன்றின் முற்றத்தில் நடந்த ஒருநாள் சந்தையில் நாங்கள் மேசை போட்டு ஊறுகாய் விற்றோம். அன்று அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களோடு கோபிக்க ஒன்றுமில்லை. நாங்களும் வேறு மேசைகளில் இதையே கேட்ட ஆக்கள்தான். ஆனால் அன்றைக்கு எங்களிட்ட பதில் இருக்கேல்லை. சும்மா சிரிச்சுச் சமாளிச்சம். இந்தக் கட்டுரை, அந்தப் பதிலைத் தேடினதால் வந்தது.

இப்படியான சந்தைகள் எங்களுக்குப் பிடிக்கும். மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், வறுத்து அரைச்ச தூள், உள்ளி போட்ட மிளகாய் எண்ணெய் எல்லாம் ஒரே முற்றத்தில் கிடைக்கிறது சந்தோசமான விசயம். எங்கட ஊரில் நல்ல சாமான் நெடுங்காலமாக விமான நிலையத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கு. கனடாவில் இருக்கிற மாமாவுக்கும் லண்டனில் இருக்கிற அக்காவுக்கும் அம்மாமார் வெயிலில் நிண்டு மிளகாய் காயவைச்சு, வறுத்து, மில்லில அரைச்சுப் பொதி பண்ணி அனுப்புகிறார்கள். இங்கே கம்பஸ் விடுதியில் இருக்கிற பிள்ளை கடைப் பைக்கற்றைக் கிழிச்சுக் கறி வைக்குது. உள்ளூரில் செய்ததை உள்ளூர்ச் சனமே வாங்கிச் சாப்பிட வேணும் எண்ட ஆசை நியாயமானது. அந்த ஆசையோடதான் நாங்களும் தொடங்கினோம்.

எங்களில் ஒருத்தியின் அம்மா தேசிக்காய் ஊறுகாய் போடுவதில் கெட்டிக்காரி. நாங்கள் அவவை அன்ரி எண்டு கூப்பிடுவம். தேசிக்காயைக் கழுவித் துடைத்து, நாலாய்ப் பிளந்து உப்பு அடைந்து சாடியில் போட்டு, சில நாளுக்குப் பிறகு பகலில் வெயில், இரவில் திரும்ப அதே சாறு என்று மாறி மாறி வைத்து எடுக்க வேண்டும். மழை இருட்டினால் ஓடிப்போய்த் தூக்க வேணும். எல்லாமாக இரண்டு கிழமை போகும். 150 கிராம் போத்தலில் 40 போத்தல் வந்தது. நாங்கள் மூன்று பேரும் ‘அம்மாவின் கைப்பக்குவம்’ எண்டு வடிவான லேபல் அடிச்சம். முகநூலில் ‘பெண்களின் சிறுதொழிலை ஆதரிப்போம்’ எண்டும் எழுதிப் போட்டம்.

இனிக் கணக்கு. தேசிக்காய், உப்பு, தூள், எண்ணெய் 6,400 ரூபா. மூடியோட போத்தல் ஒன்று 90 படி 3,600. லேபல் 800. மேசைக் கட்டணம் 4,000. ஓட்டோ 1,000. மொத்தம் 15,800. போத்தல் 600 ரூபா படி 32 போத்தல் விற்றது, 19,200 வந்தது. கையில் மிஞ்சினது 3,400. அதை ஒரு கவரில் போட்டு அன்ரியிட்டக் குடுத்தம். அவவும் சந்தோசமா வாங்கினா. எங்களுக்கும் பெருமையா இருந்தது.

ஒரு கிழமைக்குப் பிறகுதான் மகள் சொன்னாள். அந்த இரண்டு கிழமையும் அன்ரி தைக்க வந்த மூன்று பிளவுஸைத் திருப்பிக் குடுத்திட்டாவாம். ஒன்றுக்குக் கூலி 1,500. மூன்றுக்கும் 4,500 ரூபா. நாங்கள் குடுத்தது 3,400. அதாவது, நாங்கள் அன்ரியை ‘ஆதரிச்சதில்’ அவவுக்கு 1,100 ரூபா நட்டம். சொல்லவே வெக்கமா இருக்கு. ஆனா இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல ஏலாது.

பிறகு நால்வரும் இருந்து நேரத்தை எழுதிப் பார்த்தோம். அன்ரி கையால் வேலை செய்த நேரம் மட்டும் 19 மணித்தியாலம். வெயிலுக்கும் மழைக்கும் காவல் இருந்ததைச் சேர்க்கேல்லை. நாங்கள் மூன்று பேர் மேசையில் ஒன்பது மணித்தியாலம் படி 27. மொத்தம் 46. 3,400ஐ 46ஆல் பிரிச்சால் மணிக்கு 74 ரூபா கூட வராது. எட்டு மணித்தியால வேலைக்கு 600 ரூபாவும் இல்லை. 2025 ஏப்ரலில் இலங்கையில் சட்டம் சொன்ன குறைந்தபட்ச நாட்கூலி 1,080 ரூபாவாக இருந்தது. ஒரு முதலாளி எங்களுக்கு 600 ரூபா தந்திருந்தால் நாங்கள் இந்தப் பக்கத்திலேயே அவரைக் கிழிச்சு எழுதியிருப்பம்.

மிச்ச எட்டுப் போத்தலும் போயிருந்தால் 8,200 மிஞ்சியிருக்கும், மணிக்கு 178 ரூபா. சட்டத்தின் அளவை ஒருமாதிரித் தாண்டியிருப்போம். மேசைக் கட்டணமும் ஓட்டோக் காசும் ஒரு போத்தல் வித்தாலும் நாற்பது வித்தாலும் ஒண்டுதான். அதனால் லாபம் முழுக்கக் கடைசிப் பதினாலு போத்தலில்தான் கிடக்குது. பின்னேரம் மழை பெய்தால் அது போச்சு. அந்த மழையின் நட்டத்தைத் தாங்கினது சந்தையை நடத்தினவர்கள் இல்லை, வாங்கினவர்கள் இல்லை, அன்ரி.

எங்கட கருத்து இதுதான்: ‘அம்மா செய்தது’ எண்டு சொல்லி விக்கிற எந்தப் போத்தலிலும் அம்மாவின் நேரம் விலையில் இருக்க வேணும். அது இல்லாத விலை மலிவான விலை இல்லை. அது அம்மாவிட்டக் கேக்காமல் எடுத்த கடன். வீட்டில் சமைப்பதற்குச் சம்பளம் இல்லை என்று பழகிப்போன எங்களுக்கு, அதே அடுப்பில் வியாபாரம் நடக்கும்போதும் அந்தப் பழக்கம் விடுகுதில்லை. கூலி குடுக்கிறம் எண்டு சொன்னபோது அன்ரியே என்ன சொன்னா தெரியுமா? “எனக்கேன் பிள்ளையள் சம்பளம்? உங்களுக்குத்தானே செய்யிறன்.” அந்த அன்பு உண்மை. அந்த அன்பை நம்பித்தான் போத்தல் 600 ரூபாவுக்கு விற்றது என்பதும் உண்மை.

அப்ப விலையைக் கூட்டுறதா? அதற்கு முதல் அதே கணக்கை இன்னொருக்காப் பாருங்கோ. 40 போத்தலாகப் பிரிச்சால், உள்ளே இருக்கிற ஊறுகாயின் சாமானுக்கு 160 ரூபா. அதை உங்கட கையில் தாறதுக்குப் போத்தல், லேபல், மேசை, ஓட்டோ எல்லாம் சேர்த்து 235 ரூபா. ஊறுகாயை விட அதைக் காவுற செலவு கூட! கூரியரில் அனுப்பினால் இன்னும் மோசம். சந்தை முடிய நாலைந்து பேர் ‘ஒரு போத்தல் அனுப்பி விடுங்கோ’ எண்டு கேட்டவை. 600 ரூபாச் சாமானுக்கு 400 ரூபா கூரியர். கண்ணாடிப் போத்தலைச் சுற்றிக் கட்ட ஒரு கடதாசிக் கட்டு. எண்ணெய் கசிந்து ஒன்று பழுதாகிப்போனது. கையில் கிடைத்த பிறகு காசு என்று அனுப்பின ஒன்றை எடுக்க ஆளில்லாமல் திரும்பி வந்தது.

பக்கத்தில் இருக்கிறவைக்கு விக்கிறதில் இருக்கிற பெரிய நன்மையையே நாங்கள் பாவிக்கவில்லை. கோப்பாயில் செய்யிற ஊறுகாயைத் திருநெல்வேலியில் இருக்கிற ஆள் வாங்க, கொழும்புக்கு அனுப்புகிற மாதிரிப் பொதி பண்ணத் தேவையில்லை.

இரண்டாம் முறை முதலில் வட்ஸ்அப்பில் பதிவு எடுத்தோம், பிறகுதான் அன்ரி தேசிக்காய் வாங்கினா. 30 பேர் கேட்டார்கள். தங்கட போத்தலைக் கழுவிக் காயவைச்சுக் கொண்டு வந்தால் 450 ரூபா, எங்கட போத்தல் எண்டால் 600. எடுக்கிற இடம் நண்பன் படிப்பிக்கிற ரியூசன் சென்ரர், ஒரு சனிக்கிழமை பின்னேரம் மட்டும். 18 பேர் சொந்தப் போத்தலோட வந்தார்கள். 15,300 வந்தது. சாமானுக்கும் 12 போத்தலுக்கும் லேபலுக்கும் 6,480 போனது. மிச்சம் 8,820. அன்ரிக்கு 15 மணித்தியாலத்துக்கு மணிக்கு 400 படி 6,000 ரூபாவை முதலில் எடுத்து வைத்தோம். மிஞ்சின 2,820 காஸுக்கும் எங்களின் எட்டு மணித்தியாலத்துக்கும். வாங்கினவருக்கு விலை குறைஞ்சது, செய்தவவுக்குக் கூலி கூடினது. மேசை இல்லை, பலூன் இல்லை, படம் எடுக்க வடிவான இடமும் இல்லை. ஆனா ஒரு போத்தலும் மிஞ்சேல்லை.

அதுக்காக ஒருநாள் சந்தை வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இரண்டாம் முறை பதிவு செய்த பாதிப் பேர் முதல் முறை மேசையில் ருசி பார்த்தவர்கள்தான். சந்தை ஆக்களைச் சந்திக்கிற இடம். அதை மட்டுமே நம்பிச் சாமானைச் செய்து குவிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு விசயம். ‘வீட்டுச் சாப்பாடு’ எண்டது சுகாதாரத்துக்குச் சான்றிதழ் இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பெரிய கொம்பனிக்கும் எங்கட மேசைக்கும் ஒன்றுதான். சேர்ந்த பொருள்கள், நிகர எடை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் பெயர் முகவரி எல்லாம் லேபலில் இருக்க வேணும். எங்கட முதல் லேபலில் பூப்படம் இருந்தது, திகதி இருக்கேல்லை. தேசிக்காய் ஊறுகாய்க்குப் புளிப்பும் உப்பும் காவல். பீ.எச். 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பக்ரீரியா வளராது. ஆனால் இப்ப எல்லா மேசையிலும் இருக்கிற உள்ளி எண்ணெய் அப்பிடி இல்லை. பச்சை உள்ளியை எண்ணெயில் மூடி அறைச்சூட்டில் வைத்தால் காற்றும் இல்லை, புளிப்பும் இல்லை. அந்தக் கிருமிக்கு அதுதான் தோதான இடம். விற்கிறவர்கள் தங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருக்காப் போய்க் கதையுங்கோ. பிடிக்க வாறவர் எண்டு பயப்படாமல், கேட்டுத் தெரிஞ்சுகொள்ளலாம்.

‘சனத்திட்டக் காசில்லை, இதெல்லாம் வசதியான ஆக்களின்ர கதை’ எண்டு சிலர் சொல்லுவினம். 2022இல் வரிசையில் நின்ற சனத்துக்கு 600 ரூபா சின்னக் காசில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனா அன்ரியும் அதே வரிசையில் நின்ற ஆள்தான். வாங்கிறவரின் வறுமைக்குச் செய்யிறவவின் கூலியில் கழிவு குடுக்கிறது என்ன நியாயம்? குறைக்க வேணுமெண்டால் போத்தலில் குறைப்பம், மேசையில் குறைப்பம், ஓட்டோவில் குறைப்பம்.

சந்தை நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி: முதல் தரம் வாறவையிட்ட முழுக் கட்டணத்தையும் முன்கூட்டி வாங்காமல், விற்றதில் ஒரு பங்கை எடுக்கலாமே? மழை பெய்தால் எல்லாருமாச் சேர்ந்து நனைவம். எங்களைப் போல அம்மாமாரின் கையை நம்பி லேபல் அடிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுக்களைச் சுவரில் ஒரு கொப்பித் தாளை ஒட்டி, தொடங்கின நேரமும் முடிஞ்ச நேரமும் எழுதுங்கோ. அந்த வேலைக்காக அம்மா எதை விட்டவ எண்டும் கேளுங்கோ. நாங்கள் கேக்கேல்லை.

அடுத்த முறை பங்குனி வெயிலுக்கு மோர்மிளகாய். மணிக்கு 400 காணாது, 450 வேணும் எண்டு அன்ரி இப்பவே சொல்லிப்போட்டா.