கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு விண்ணப்பம்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் என்றிருந்த உதவி, கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயாக விழத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று 'புதுமைப் பெண்' என்ற பெயரில் அது தொடங்கப்பட்டது. தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாள் முழுதும் போராடிய ஒரு பெண்ணின் பெயர் கல்யாணச் செலவிலிருந்து விடுபட்டுக் கல்விச் செலவுக்கு வந்து சேர்ந்ததை இந்த இதழ் அன்று மனமார வரவேற்றது. இன்றும் வரவேற்கிறது.

ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. பட்டயமோ, ஐ.டி.ஐ.யோ, பி.ஏ.வோ முடிந்த மாதத்தில் கணக்கு முடிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, பொன்னேரி லோகநாத நாராயணசாமி அரசு கல்லூரியிலோ திருத்தணி அரசு கல்லூரியிலோ பட்டம் பெற்ற பெண்ணுக்கு அதற்குப் பிறகு இரண்டு வழிகள்தாம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று கம்பெனி, மற்றொன்று கல்யாணம். பல வீடுகளில் முதலாவது இரண்டாவதற்கான சேமிப்பு.

கம்பெனிக்குப் போவதைக் குறைத்துப் பேசும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. இந்தியாவின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019-20-க்கான ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு சொல்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, தெற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் இந்தப் பட்டையில் ஒரு பெண் தன் பெயரில் வாங்கும் சம்பளம் அவள் வீட்டில் அவளுடைய குரலை மாற்றியிருக்கிறது. நம் கவலை வேறு. அந்தப் பெண்களில் சிலர் பள்ளியையும் கம்பெனியையும் வீட்டையும் சேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் ஆசிரியர்களாகிய நாமாக இருந்திருக்க வேண்டும்.

நான் சொல்லும் அந்தப் படிப்பு கல்வியும் பாலினமும் சேர்ந்த முதுகலை. அது யாருக்குத் தேவை என்று கல்வியியல் கல்லூரி ஆசிரியர்களே கேட்பதுண்டு. பதில் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பின் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது 'பாலினம், பள்ளி, சமூகம்' என்ற தாள் உள்ளே வந்தது. வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் அந்தத் தாள் யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் விழுகிறது. கைடு நூலிலிருந்து வரையறைகள் எழுதிப்போடப்படுகின்றன, தேர்வோடு மறக்கப்படுகின்றன. பாலினத்தையும் கல்வியையும் ஆழ்ந்து படித்துவிட்டு வந்து இந்தத் தாளை நடத்தும் ஆசிரியர் நம்மிடையே மிகக் குறைவு. அப்படி ஒருவர் நாளை வருவாரானால், அவர் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து வர வேண்டும் என்று நான் ஏன் விரும்புகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

இங்கே பள்ளிக்கூடம் தனியாக நிற்பதில்லை. பொங்கலை ஒட்டி ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு வருகின்றன. ஜூன் வாக்கில் திரும்பிப் போகின்றன. இரண்டு கல்வியாண்டுகளின் நடுவே கிழிபடும் அந்தப் பிள்ளைகளில், தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சூளையிலேயே தங்கிவிடுவது பெரும்பாலும் அக்காதான். அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் பெண்கள் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருகிறார்கள். ஆரம்பாக்கம் பக்கம் வீட்டில் தெலுங்கும் வகுப்பில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் ஈழத்திலிருந்து வந்தோரின் பேத்திகள் இருக்கிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் பிளஸ் டூ முடித்த கையோடு வந்து விடுதிகளில் தங்கி, மூன்று ஷிப்டிலும் கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானபோது அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். காதில் விழும்படி கேட்டால் பதில் வரும் என்பதை எந்தப் பாடநூலிலிருந்தும் அவர்கள் கற்கவில்லை. 2024-இல் அதே நிறுவனத்தில் மணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வந்து, ஒன்றிய அரசு தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. வேலை, கல்யாணம், படிப்பு மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திழுக்கின்றன என்பதற்கு இதைவிடக் கூர்மையான ஆய்வுப் பொருள் எந்த நூலகத்தில் கிடைக்கும்?

இந்த வாழ்க்கையைப் பற்றி ஆய்வு நடக்காமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் பெண்கள் வாடகை அறையில் உட்கார்ந்து வேலை, காதல், ஊர், சாதி, சம்பளம் என்று பேசியதைப் புவியியல் ஆய்வாளர் மதுமிதா தத்தா அவர்களோடு சேர்ந்து பதிவு செய்தார். முதலில் ஒலித்தொடராகவும், பின்னர் 2021-இல் சுபான் வெளியீடாக 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்ற நூலாகவும் அது வந்தது. மரியாதையோடு செய்யப்பட்ட வேலை அது. அந்தப் பெண்களின் குரல் அதில் அவர்கள் குரலாகவே இருக்கிறது. ஆனாலும் ஆய்வேட்டில் கையெழுத்திட்டவர் வேறொருவர். அடுத்த முறை அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரே கையெழுத்திட வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசை ஆகாது. புனேயில் சாவித்ரிபாய் ஃபுலே பெயரிலுள்ள பெண்ணிய ஆய்வு மையத்தை நடத்திய ஷர்மிளா ரேகே (1964–2013), ஃபுலேயும் அம்பேத்கரும் காட்டிய வழியில் பெண்ணியக் கல்வி எப்படி இருக்கும் என்று 2010-இல் நீண்ட கட்டுரை எழுதினார். விளிம்பிலிருந்து வகுப்புக்கு வரும் மாணவரின் அனுபவத்தைப் பாடத்துக்கு வெளியே நிறுத்தாமல், அதையே அறிவின் தொடக்கமாகக் கொள்ளும் வகுப்பறை அவருடையது. நம் மாணவிகளுக்கு அந்த வகுப்பறையின் வாசல் வரை வழி காட்டினாலே போதும். உள்ளே என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

வாசலில்தான் சிக்கல். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல இடங்களுக்கு இன்று க்யூட்-பி.ஜி. என்ற பொது நுழைவுத்தேர்வு வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. இளநிலைக்கான க்யூட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். முதுநிலைத் தேர்விலோ பொதுத் தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. மூன்றாண்டு தமிழ்வழியில் பட்டம் பெற்ற பெண் அந்த அறையில் இந்தி தெரிந்த மாணவருக்குக் கிடைக்கும் வசதி இல்லாமல் உட்காருகிறாள். இது அநீதி. மாற்றப்பட வேண்டும் என்று இந்த இதழ் கோருகிறது. மாறும்வரை நாம் செய்யக்கூடியது, இறுதியாண்டு தொடங்கும்போதே அவளுக்குப் பழைய வினாத்தாள்களைக் கொடுத்து ஆங்கிலச் சொற்களோடு பழக்குவது. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பம் டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ திறந்து, தேர்வு மார்ச்சில் நடக்கிறது. நம் கல்லூரிகளில் மேற்படிப்பு பற்றிப் பேச்சு எடுப்பதே ஏப்ரல் செமஸ்டர் தேர்வு முடிந்து. அப்போது கதவு மூடியிருக்கும். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா போன்றவற்றில் பெண்ணியல் துறைகள் உண்டு. அங்கே சேர்க்கை முறை வேறு, காலமும் வேறு. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வியியலுக்குத் தனித் தேர்வும் நேர்காணலும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டண உதவியும் உண்டு. லண்டன் யு.சி.எல். கல்வி நிறுவனத்தில் கல்வி, பாலினம், பன்னாட்டு வளர்ச்சி மூன்றையும் இணைத்தே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. இவற்றின் விண்ணப்பத் தேதிகள் நாள்காட்டியில் வெவ்வேறு மாதங்களில் கிடக்கின்றன. துறைத்தலைவர் அறைக்கு வெளியே ஒரு தாளில் எழுதி ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கை. நேர்காணல் உள்ள இடங்களிலும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் விண்ணப்பத்தின் உயிர் இதில்தான். நம்மிடம் திருத்தக் கொண்டுவரப்படும் அறிக்கைகள் பல ஒரே அச்சில் இருக்கின்றன. சிறு வயதிலிருந்தே ஆசிரியப் பணியில் ஆர்வம், பெண்கள் நாட்டின் கண்கள், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து சமூகத்துக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன். எங்கிருந்தோ இறக்கிய மாதிரிப் படிவத்தின் வாசகங்கள். அதை எழுதிய பெண்ணிடம் உட்கார்ந்து பேசினால், தன் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண்களில் யார் யார் எந்தக் கம்பெனியில் டிரெய்னியாக இருக்கிறார்கள், யாருக்கு எப்போது கல்யாணம் நிச்சயமானது, எந்த அண்ணன் செல்போனைப் பிடுங்கி வைத்தான் என்று ஒரு கள ஆய்வாளரைப் போலச் சொல்வாள். கம்பெனிப் பயிற்சி அறையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பேச்சு, உடை, நடை பற்றி என்ன சொல்லித்தருகிறார்கள் என்று சித்தி சொன்னதை நினைவு வைத்திருப்பாள். அதுவும் ஒரு வகுப்பறைதான், அங்கே நடப்பதும் பாலினப் பாடம்தான் என்று அவளுக்கு நாம் எடுத்துக் காட்டினால் அவளே ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

வருத்தம் என்னவென்றால், அவளே எழுதிய அந்த நல்ல பத்தியையும் சில நேரம் நாம்தான் அடித்துவிடுகிறோம். சூளை, விடுதி, முகாம் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் எதற்கு, கௌரவமாக எழுது என்கிறோம். அப்படிச் சொல்லும் ஆசிரியரும் இதே வறுமையைக் கடந்து வந்தவராக இருக்கலாம். மறைப்பது அவரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் இந்தத் துறையில் தேர்வுக் குழு தேடுவது விண்ணப்பதாரர் எதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார், அதிலிருந்து என்ன கேட்கிறார் என்பதை. துயரத்தை அடுக்கி இரக்கம் வாங்கவும் கூடாது. முகாமில் பிறந்தேன், கஷ்டப்பட்டேன் என்பதோடு நின்றால் அது முறையீடு. முகாமில் என்னோடு பத்தாம் வகுப்பு வரை வந்த பெண்களில் கல்லூரிக்குப் போனவர்களும் போகாதவர்களும் எங்கே பிரிந்தார்கள், ஏன் என்று கேட்டால் அது ஆய்வு. இந்த வேறுபாட்டை ஒரு மாலை நேரம் செலவிட்டுப் பேசிப் புரியவைக்கலாம். மொழிப்பிழையை அதற்குப் பிறகு திருத்தினால் போதும்.

முகாம் மாணவிகள் பற்றித் தனியாக ஒன்று. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றிக் கல்வி உதவிகளையும் அறிவித்தது. ஆனாலும் குடியுரிமைக் கட்டத்தை நிரப்பும்போது அவர்கள் இந்தியர் ஆவதில்லை. மாநிலத்துக்கு வெளியே உள்ள நிறுவனம் அவர்களை அயல்நாட்டு மாணவராகக் கணக்கிட்டால் கட்டணம் பல மடங்கு ஏறும். விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடிதம் கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு போனால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவியிடம் 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்வதை இந்த ஆண்டோடு நிறுத்துவோம். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர் என்ற கடிதத்தைப் படிப்பவர் நீங்கள் அவளை அறியமாட்டீர்கள் என்று மட்டுமே தெரிந்துகொள்வார். எந்த வகுப்பில் என்ன கேள்வி கேட்டாள், எந்தக் கட்டுரையில் எதை மறுத்தாள், இரவு ஷிப்ட் போய்விட்டு வந்து எந்தத் தேர்வில் எப்படி எழுதினாள் என்று மூன்று வரி உண்மை இருந்தால் போதும். அதை எழுத நீங்கள் அவளைக் கவனித்திருக்க வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி.

பணம் பற்றி வீட்டில் கேட்பார்கள். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுகலை உதவித்தொகை மாதம் 15,000 ரூபாயாக ஆண்டுக்குப் பத்து மாதம் கிடைக்கிறது. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. இரண்டும் தாமதமாக வரக்கூடியவை. முதல் செமஸ்டரின் விடுதிக் கட்டணத்துக்குக் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மும்பையில் போய் இரண்டு வருடம் படித்தால் அப்புறம் மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று அப்பா கேட்பார். ஒரு பேராசிரியர் வீடு தேடி வந்து தரையில் உட்கார்ந்து பேசினால் அந்தக் கேள்வியின் வேகம் குறையும். நம்மில் எத்தனையோ பேர் அப்படி யாரோ ஒருவர் வந்து பேசியதால்தான் படித்தோம். புதுமைப் பெண் உதவியை முதுகலைக்கும் நீட்டிக்கும்படி அரசைக் கேட்கும் தீர்மானத்தை நம் ஆசிரியர் சங்கங்கள் இவ்வாண்டு மாநாடுகளில் நிறைவேற்ற முன்வர வேண்டும்.

ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்விட்டவர்களை இந்தப் பேச்சிலிருந்து விட்டுவிடுவது எளிது. அவர்கள் சம்பளத்தில் தம்பி படிக்கிறான், கடன் அடைகிறது. வேலையை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்ல முடியாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பாலினமும் வளர்ச்சியும் பற்றிய எம்.ஏ. இருக்கிறது, பெண்களும் பாலினமும் பற்றிய எம்.ஏ. இருக்கிறது, கல்வியியலில் எம்.ஏ.வும் இருக்கிறது. சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும். பாடநூல்கள் ஆங்கிலத்தில் வரும், பிற்பகல் ஷிப்ட் முடித்து வந்த கண்ணோடு அவற்றைத் தனியாகப் படிப்பது கடினம். பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஞாயிறு காலையில் ஒரு கல்லூரி தன் வகுப்பறை ஒன்றைத் திறந்து கொடுத்தால், தமிழில் விளக்கிச் சொல்ல இரண்டு ஆசிரியர்கள் முறை வைத்து வந்தால், அந்தப் படிப்பு நடக்கும். இடம் தரவும் வகுப்பெடுக்கவும் முன்வருபவர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். ஜூலை சேர்க்கைக்கு முன் ஒருவரையொருவர் தொடர்புபடுத்தி வைக்கிறோம்.