வேர்வை காயாத ஊரில் நடப்பது எப்படி?

"நடங்கள்" என்கிறது அரசாங்கம். "வெயில் நேரத்தில் வெளியே வராதீர்கள்" என்றும் அதே அரசாங்கம் சொல்லுகிறது. இரண்டில் எதைக் கேட்பது?

சித்திரை பிறந்தால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுகிறது. சர்க்கரை வியாதிக்காகத் தினமும் நடக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கும் பெரியவர்களுக்கு இது பெரிய சங்கடம். நடந்தால் மயக்கம் வருமோ என்று பயம். நடக்காவிட்டால் சர்க்கரை ஏறுமே என்ற கவலை!

2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதை என்பது அந்தத் திட்டம். 2024 அக்டோபரில் அதே அரசு, வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என்றும் கூறியது.

இரண்டு பேச்சும் சரிதான். இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பது எப்படி என்பதே விஷயம்.

மண்பானை சொல்லும் பாடம்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் வெளிப்புறத்தில் நீர் கசிகிறது. அது காற்றில் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கொண்டு போகிறது.

மனித உடம்பும் அப்படித்தான். வேகமாக நடந்தால் தசைகளில் சூடு பிறக்கும். வேர்வை வரும். அது காய்ந்தால் உடம்பு குளிரும்.

ஆனால் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால்? மழைக்காலத்தில் துணி காயாமல் இருப்பது போல, வேர்வையும் காயாது. சொட்டுச் சொட்டாக வழிந்து ஓடும். வழிந்து ஓடும் வேர்வையால் பயன் குறைவு. காயும் வேர்வைதான் குளிர்ச்சி தரும்.

இதனால்தான் வானிலைத் துறை கடலோரத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. வெப்ப அலை என்று சொல்ல, சமவெளியில் வெயில் 40 டிகிரி செல்சியசையாவது எட்ட வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரி போதும். வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

மெரீனாவில் நடந்தது

2024 அக்டோபர் 6-ந் தேதி சென்னை மெரீனா கடற்கரையில் விமானப் படையின் சாகசக் காட்சி நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் உச்சி வெயிலில் கூடினார்கள். அன்று 5 பேர் இறந்தார்கள். வெயிலின் தாக்கமே காரணம் என்று அன்றைய சுகாதார அமைச்சர் கூறினார். அது கத்திரி வெயில் காலம் அல்ல. அன்றைய வெப்பம் 40 டிகிரியும் இல்லை. வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது சோகமான உதாரணம்.

எந்த நேரம் நல்லது?

சூரியன் ஏறுமுன் நடப்பது நல்லது. விடியற்காலையில் காற்றில் ஈரம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் அப்போதுதான் சூடு குறைவு, வெயிலும் இல்லை. ஆகவே மெதுவாக நடக்கலாம். மாலையில் நடப்பவர்கள் பொழுது சாய்ந்த பிறகு புறப்படட்டும். பகலெல்லாம் வெயில் குடித்த தார் ரோடு, சாயங்காலமும் சூட்டைக் கக்கும்.

பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியில் பயிற்சி வேண்டாம். விடுமுறையில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கும் இதுவே விதி.

உடம்பு பழக வேண்டும்

1950-களில் அமெரிக்காவின் பாரிஸ் தீவில் ஒரு ராணுவப் பயிற்சி முகாம் இருந்தது. இன்றும் இருக்கிறது. ஈரமும் வெயிலும் நிறைந்த இடம் அது. புதிதாகச் சேர்ந்த வாலிபர்கள் பயிற்சியின்போது சுருண்டு விழுந்தார்கள். வெப்பம், ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்க 1956-ல் ஏற்பாடு செய்தார்கள். அளவு மீறினால் பயிற்சி நின்றது. புதியவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். விழுகிறவர்கள் தொகை குறைந்தது.

பலசாலி வாலிபருக்கே இந்த நிலை என்றால், 50 வயதுக்காரர் அவசரப்படலாமா? உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் 15 நிமிடம் போதும். பிறகு கூட்டலாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறதா? வேகம் சரி. மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வேர்வை கொட்டினால் கொழுப்பு கரையும் என்று சிலர் தடித்த சட்டை போட்டு ஓடுகிறார்கள். கரைவது கொழுப்பு அல்ல, தண்ணீர்! மெல்லிய பருத்தி உடையே நல்லது.

புறப்படுமுன் தண்ணீர் குடிக்க வேண்டும். திரும்பியதும் உப்புப் போட்ட மோர் குடிக்கலாம். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது ஆபத்து?

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலில் உட்கார வேண்டும். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது ஆபத்து. 108-ஐ அழைக்க வேண்டும். அதுவரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வழியில்லாதவர்கள்

நடைப்பயிற்சி செய்பவர் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். களைத்தால் வீடு திரும்பலாம். செங்கல் சுமக்கும் சித்தாளுக்கும், ரோடு போடும் தொழிலாளிக்கும் அந்த வசதி ஏது? அவர்களுக்கு உச்சி வெயில்தான் வேலை நேரம்.

கேரளத்தில் கோடைதோறும் வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர உத்தரவிடுகிறார்கள். செத்த பிறகு கிடைக்கும் 4 லட்சத்தைவிட, உயிரோடு இருக்கும்போது கிடைக்கும் 3 மணி நேர நிழல் பெரியது. வீட்டில் கொத்தனார் வேலை நடந்தால், அந்த நிழலையும் ஒரு பானைத் தண்ணீரையும் கொடுக்க எந்த உத்தரவும் தேவையில்லை.