மூலிகைப் பெட்ரோலும் மளிகைக்கடைத் தராசும்

1996ஆம் ஆண்டு, மதுரைக்குத் தென்மேற்கே இராசபாளையத்தை அடுத்த இடையன்குளம் என்னும் சிற்றூரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. அவ்வூர் இளைஞர் இராமர் பிள்ளை, நீரில் மூலிகை இலைகளை இட்டுக் காய்ச்சி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளறி, எரியெண்ணெய் எடுத்துக் காட்டினார். தில்லியில் அறிவியலறிஞர் சிலரும் கண்டு வியந்தனர். பட்டம் பெறாத தமிழன் ஒருவன் எண்ணெய்க் கம்பெனிகளைத் திணறடிக்கப் போகிறான் என்று பலர் நெஞ்சு நிமிர்த்தினர். ஐயம் எழுப்பியவரை ஏழையின் பகைவர் என்றனர்.

இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். எண்ணெயைப் பற்றிய வினா, எண்ணெய் கொண்டுவந்தவரின் வறுமையையும் மொழியையும் பற்றிய வினாவாக மாற்றப்பட்ட அந்நொடியிலேயே நாம் விழித்திருக்க வேண்டும். மெய்யான கண்டுபிடிப்புக்கு இத்தகைய கேடயம் எதற்கு?

வினாவோ மிக எளியது. பெட்ரோலின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு கார்பன். நீரில் ஹைட்ரஜன் உண்டு, கார்பன் கிடையாது. ஆகவே எண்ணெயின் கார்பன் முழுவதும் இலையிலிருந்தே வந்தாக வேண்டும். பச்சிலையின் எடையிலோ பெரும்பகுதி நீர். ஒரு பிடி இலை தன்னினும் மிக்க எடையுள்ள எண்ணெயைத் தருவது எங்ஙனம்? இதனை அறிய ஐ.ஐ.டி.க்குச் செல்ல வேண்டா. கீழமாசி வீதி மளிகைக்கடைத் தராசு போதும். இலையை முன்னரும் எண்ணெயைப் பின்னரும் நிறுத்தால் முடிந்தது!

சென்னை ஐ.ஐ.டி. சோதனையில் அவ்வித்தை பலிக்கவில்லை. கிளறுகோலின் உட்குழிவில் எரிபொருளை அடைத்து மெழுகால் மூடியதே சூட்சுமம் என்று கூறப்பட்டது. அதன் பின்னரும் சென்னையில் அது கடை விரித்து விற்கப்பட்டதே வியப்பு. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. விற்ற சரக்கு டொலுயீன், நாப்தா முதலிய பெட்ரோலியப் பொருள்களின் கலவை. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் 3 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இருபது ஆண்டுகள்!

ஏமாறுவதில் மேலைநாட்டாரும் நமக்கு இளைத்தவரல்லர். தண்ணீரால் கார் ஓடும் என்ற ஸ்டான்லி மேயர் செய்தது மோசடியே என அமெரிக்காவின் ஒஹாயோ நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 1996இல்தான்.

மூலிகை போய் இன்று முதலீடு வந்திருக்கிறது. அதிக வட்டி தருவதாகக் கூறிப் பணம் திரட்டியதாக, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நிலமனை நிறுவனமொன்றின் மீது 2023இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. ஆயினும் ஓய்வூதியப் பணத்தை இத்தகைய இடங்களில் இடும் பெரியோர், வங்கி தராத வட்டியை இவர் எந்தத் தொழிலின் இலாபத்திலிருந்து தருகிறார் என்று கேட்கத் தயங்குவதேன்? அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் உறவினராகவோ உடன் பணியாற்றியவராகவோ இருப்பதால், கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது போலும்.

வேதியியல் துறை மாணவர்கள் ஓர் அடுப்பும் தராசும் எடுத்துக்கொண்டு திருமங்கலம், உசிலம்பட்டிப் பள்ளிகளில் அந்த இலைக் கணக்கைச் செய்து காட்டலாம். எளிய தமிழில் விளக்கவுரை எழுதித் தருவது தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு மாலைப்பொழுதின் வேலை.